பிடிக்கும் காந்தமும் விடும் காந்தமும்: எந்த வேலைக்கு எது?

காந்தம் ஒன்றை வாங்கவோ செய்யவோ முற்படுகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் ‘எது வலிமையானது?’ என்பதுதான். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘பிடித்த பொருளை இந்தக் காந்தம் எப்போதாவது விட வேண்டியிருக்குமா?’ என்பதே முதற்கேள்வி. விட வேண்டியதில்லை என்றால் நிலைக்காந்தம் போதும். விட வேண்டும், அதுவும் நாம் விரும்பும் நொடியில் விட வேண்டும் என்றால் தற்காலிகக் காந்தமே ஏற்றது. ‘தற்காலிகம்’ என்ற சொல் ஏதோ குறையைச் சுட்டுவதுபோல ஒலிப்பதால், அதை நிலைக்காந்தத்தின் ஏழை உறவினராகக் கருதும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. ஆனால் காந்தத்தன்மையைச் சட்டென்று இழக்கும் அந்தப் பண்பு இல்லாவிட்டால் மின்மாற்றியோ, சிறு மின்னோட்டத்தால் வேறொரு மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயோ மின்மணியோ பழைய இரும்பைத் தூக்கும் கிரேனோ இயங்க வழியே இல்லை.

இந்த வழிகாட்டியில் இரண்டு வகைகளையும் பிரித்தறியும் முறை, வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள், வேலைக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் முறை, கெடாமல் வைத்துக்கொள்ளும் முறை ஆகியவற்றைச் சொல்கிறேன். சோதனைகளுக்கு ஒரு சட்டக் காந்தம், தையல் ஊசி, இரும்பு ஆணி, எனாமல் பூசிய செம்புக் கம்பி, 1.5 வோல்ட் மின்கலம், சில குண்டூசிகள் இவ்வளவே தேவை.

இரும்புக்குள் நடப்பது என்ன?

காந்தமாக்கப்படாத இரும்புத் துண்டிலும் காந்தத்தன்மை உள்ளேயே இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற பெர்ரோ காந்தப் பொருள்களில் அணுக்கள் சிறுசிறு பகுதிகளாகச் சேர்ந்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒரே திசையை நோக்கி நிற்கின்றன. இந்தப் பகுதிகளைக் காந்தக் களங்கள் என்பர். 1907இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வைஸ் முன்வைத்த விளக்கம் இது. சாதாரண இரும்பில் ஒரு களம் ஒரு பக்கமும் அடுத்தது வேறு பக்கமும் நோக்கியிருப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது; வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது வெறும் இரும்பு. அருகில் ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால், அதன் புலத்தோடு ஒத்துப்போகும் களங்கள் விரிகின்றன, ஒத்துப்போகாதவை சுருங்குகின்றன, புலம் மேலும் வலுத்தால் எஞ்சியவையும் திரும்புகின்றன. அந்த நிலையில் இரும்பும் ஒரு காந்தம்.

வேறுபாடு பிறப்பது அதற்குப் பிறகுதான். வெளிக்காந்தத்தை எடுத்ததும், களங்களைப் பிரிக்கும் எல்லைச் சுவர்கள் எளிதாக நகரக்கூடிய பொருளில் அவை ஏறத்தாழப் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. தூய்மையான, மெதுவாக ஆறவைக்கப்பட்ட தேனிரும்பு இத்தகையது. கரி கலந்து, சூடேற்றி, நீரில் தோய்த்துக் கடினமாக்கிய எஃகில் அந்தச் சுவர்கள் உள்கட்டமைப்பின் முரண்களில் சிக்கிக்கொள்கின்றன. திரும்ப நினைத்தாலும் திரும்ப முடிவதில்லை. தேனிரும்பு மென்காந்தப் பொருள் என்றும் கடின எஃகு வன்காந்தப் பொருள் என்றும் பெயர் பெற்றது இதனால்தான்.

எவ்வளவு பிடிவாதம் என்பதை அளக்க ஓர் அளவு உண்டு. ஒரு பொருளில் எஞ்சிய காந்தத்தன்மையை முழுவதும் துடைக்க எவ்வளவு எதிர்ப்புலம் தேவை என்பதே அது; காந்த நீக்குத்திறன் என்று அதற்குப் பெயர். நன்கு பதப்படுத்திய தூய இரும்புக்கு அது மீட்டருக்கு 100 ஆம்பியருக்கும் குறைவு. நியோடிமியம் என்ற உலோகம் சேர்ந்த வலிமையான நிலைக்காந்தத்துக்கு மீட்டருக்கு 8 லட்சம் ஆம்பியருக்கும் மேல். இரண்டும் பார்வைக்கு வெள்ளி நிறத் துண்டுகளாகவே இருக்கலாம்; ஆனால் மறக்கும் எளிமையில் அவற்றுக்கிடையே பல ஆயிரம் மடங்கு இடைவெளி இருக்கிறது. காந்தத் தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணைக் கூட்டுவதிலோ குறைப்பதிலோதான் அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

காந்தமாக்கும் புலம் போன பின்னும் பொருள் பின்தங்கி நிற்கும் இந்த இயல்புக்குக் காந்தத் தயக்கம் என்று தமிழில் பெயர் வழங்குகிறது. மிகப் பொருத்தமான சொல் என்பது என் எண்ணம். எஃகு தயங்குகிறது, தேனிரும்பு தயங்குவதில்லை. இந்த இரண்டு தொடர்களிலேயே பாடம் பாதி முடிந்துவிடுகிறது.

கையில் இருப்பது எது என்று அறிவது

ஒரு துண்டு இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது என்பதால் மட்டும் அதைக் காந்தம் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. வெறும் இரும்பும் ஈர்க்கப்படும். விலக்கம் ஒன்றே உறுதியான சோதனை. அறிந்த காந்தத்தின் ஒரு துருவத்தைச் சோதிக்கும் துண்டின் இரு முனைகளுக்கும் அடுத்தடுத்துக் கொண்டுசெல்லுங்கள். ஒரு முனை ஈர்க்கப்பட்டு மறுமுனை விலக்கப்பட்டால் அது காந்தம். இரு முனைகளும் ஈர்க்கப்பட்டால், அந்தத் துண்டு உங்கள் காந்தத்தின் அருகில் இருக்கும்வரை மட்டுமே காந்தமாக நடந்துகொள்கிறது என்று பொருள். ஒரு முன்னெச்சரிக்கை: மிக வலிமையான நியோடிமியம் காந்தத்தால் வலுக்குறைந்த எஃகுக் காந்தத்தைச் சோதித்தால், அதன் துருவத்தையே மாற்றி, விலக வேண்டிய முனையையும் ஈர்த்துவிடக்கூடும். ஆகவே தொலைவிலிருந்து மெல்ல நெருங்கிச் சோதிக்க வேண்டும்.

ஒரே தோற்றமுள்ள இரண்டு சட்டங்களில் ஒன்று காந்தம், மற்றொன்று இரும்பு. வேறு எந்தக் கருவியும் கையில் இல்லை. என்ன செய்வது? முதல் சட்டத்தின் முனையை இரண்டாவது சட்டத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் முதல் சட்டமே காந்தம். ஏறக்குறைய எந்த ஈர்ப்பும் இல்லையென்றால் இரண்டாவதுதான் காந்தம். ஏனெனில் சட்டக் காந்தத்தின் வலிமை முனைகளில் குவிந்திருக்கிறது, நடுப்பகுதியில் ஏதும் இல்லாததுபோலவே இருக்கும். பள்ளி ஆய்வகங்களில் இன்றும் மாணவர்கள் கண்கள் விரிவது இந்தச் சோதனையில்தான்.

தூண்டப்பட்ட காந்தத்தைக் காண இன்னும் எளிய வழி உண்டு. சட்டக் காந்தத்தின் முனையில் ஓர் இரும்பு ஆணியைத் தொங்கவிட்டு, அதன் கீழ்முனையில் குண்டூசிகளைத் தொட்டால் அவை ஒட்டிக்கொள்ளும். ஆணியைக் காந்தத்திலிருந்து பிரித்தவுடன் பெரும்பாலான குண்டூசிகள் உதிர்ந்துவிடும். ஓரிரண்டு ஒட்டிக்கொண்டே இருந்தால் வியப்படைய வேண்டாம். கடையில் கிடைக்கும் ஆணி தேனிரும்பு அன்று. அது மென் எஃகு, அதுவும் கம்பியாக இழுக்கப்பட்டும் அடிக்கப்பட்டும் சற்று இறுகிப்போனது. அந்த ஆணியைத் தீயில் செந்நிறமாகும்வரை காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் அதன் தயக்கம் கணிசமாகக் குறையும். பெரியவர் ஒருவர், இடுக்கியைக் கொண்டு, எளிதில் தீப்பற்றும் பொருள் ஏதும் அருகில் இல்லாத இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள ஆணியைக் காய்ச்சக் கூடாது. அதிலிருந்து எழும் புகை உடலுக்குத் தீங்கானது.

ஊசியை நிலைக்காந்தமாக்குதல்

இப்போது தையல் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடினமாக்கப்பட்ட எஃகு. ஊசியை மேசைமேல் கிடத்தி, சட்டக் காந்தத்தின் ஒரு துருவத்தால் காதுப் பக்கத்திலிருந்து கூர்முனை வரை தேய்த்துச் செல்லுங்கள். கூர்முனையை அடைந்ததும் காந்தத்தை நன்கு உயரத் தூக்கி, சுற்றிக் கொண்டுவந்து, மீண்டும் காதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் ஒரு தேய்ப்பு சேர்த்ததை மறுதேய்ப்பு கலைத்துவிடும். இந்தச் சோதனையில் பலர் தோல்வியடைவது இங்கேதான். முப்பது நாற்பது முறை ஒரே திசையில் தேய்த்தால் போதும். காந்தம் எந்த முனையில் விலகிச் செல்கிறதோ, அந்த முனையில் தேய்த்த துருவத்துக்கு எதிரான துருவம் உண்டாகும். காந்தத்தின் தென்துருவத்தால் தேய்த்தால் கூர்முனை வடதுருவமாகிறது. அந்த ஊசியைச் சிறு தக்கைத் துண்டில் செருகி நீரில் மிதக்கவிட்டால், கூர்முனை மெல்லத் திரும்பி வடக்கை நோக்கி நிற்கும். நீங்களே செய்த திசைகாட்டி அது.

அதே முறையில் ஆணியையும் தேய்த்துப் பாருங்கள். ஆணியும் சிறிது காந்தமாகும். அதைக் கல்தரையில் நாலைந்து முறை தட்டிய பின் குண்டூசியைத் தொட்டால் அநேகமாக ஏதும் ஒட்டாது. ஊசியோ அத்தனை தட்டலுக்கும் அவ்வளவாக மசியாது. ஊசியின் காந்தத்தன்மையையும் போக்க விரும்பினால் இடுக்கியால் பிடித்துச் செந்நிறமாகும்வரை காய்ச்சுங்கள். இரும்பின் க்யூரி வெப்பநிலை 770 டிகிரி செல்சியஸ். அதைக் கடந்தால் களங்களே கலைந்துபோகின்றன. காய்ச்சினால் காந்தம் தன் ஆற்றலை இழக்கும் என்பதை 1600ஆம் ஆண்டிலேயே வில்லியம் கில்பர்ட் எழுதிவைத்திருக்கிறார். மெதுவாக ஆறிய ஊசியை மீண்டும் தேய்த்துக் காந்தமாக்க முயன்றால் முன்போல நிலைப்பதில்லை. எஃகின் கடினம் போனதோடு காந்தப் பிடிவாதமும் போய்விட்டது. மறுபடி செந்நிறமாகக் காய்ச்சி உடனே நீரில் தோய்த்தால் இரண்டும் சேர்ந்தே திரும்புகின்றன. காந்தத்தின் நினைவாற்றல் பொருளின் உள்கட்டமைப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை வீட்டில் காட்ட முடியாது.

மின்காந்தம் செய்தல்

தற்காலிகக் காந்தங்களில் நமக்கு மிகவும் பயன்படுவது மின்காந்தம். 1820இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்புவதைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளுக்குள் வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர் குதிரைலாட வடிவ இரும்பில் கம்பியைச் சுற்றி, ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள இரும்பைக் கொண்டு 4 கிலோகிராம் எடையைத் தூக்கிக் காட்டினார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி, கம்பிக்குக் காப்புறை இட்டு நெருக்கமாகப் பல அடுக்குகள் சுற்றி, 1831 அளவில் 900 கிலோகிராமுக்கும் மேல் தூக்கும் காந்தத்தைச் செய்தார். இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு காப்புறை இட்ட கம்பியும் பொறுமையான சுற்றலுமே.

நீங்கள் செய்வதற்கு 5 மில்லிமீட்டர் தடிப்பும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஆணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சுற்றுத் தாள் ஒட்டி, 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியை இடைவெளி விடாமல், ஒரே திசையில், 200 சுற்றுகள் சுற்றுங்கள். இரு முனைகளிலும் சுமார் 15 சென்டிமீட்டர் கம்பியை மிச்சம் விட்டு, நுனிகளில் எனாமலை உப்புத்தாளால் நன்கு தேய்த்து நீக்குங்கள். எனாமல் சரியாக நீங்காததே ‘காந்தம் வேலை செய்யவில்லை’ என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் காரணம். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கம்பி செலவாகும். அதன் மின்தடை 1 ஓமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 1.5 வோல்ட் மின்கலத்தோடு இணைக்கும்போது 1 ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் பாயும். குண்டூசிகள் கொத்தாக ஒட்டும். இணைப்பைத் துண்டித்ததும் உதிரும். ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்குமேல் இணைத்து வைக்காதீர்கள். கம்பியும் மின்கலமும் சூடேறும். வீட்டு மின்சாரத்தோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. லித்தியம் அயனி மின்கலத்தையும் பயன்படுத்தாதீர்கள். குறைந்த மின்தடையின் வழியே அது மிகப் பெரிய மின்னோட்டத்தைக் கொட்டித் தீப்பிடிக்கக்கூடும்.

இங்கே பல வழிகாட்டிகள் சொல்லும் ஒரு கூற்றைத் திருத்த விரும்புகிறேன். ‘சுற்றுகளை இரட்டித்தால் காந்தம் இருமடங்கு வலுக்கும்’ என்பது மின்னோட்டம் மாறாமல் இருந்தால் மட்டுமே உண்மை. காந்தத்தை உருவாக்குவது மின்னோட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் சேர்ந்த பெருக்கம். அதே மின்கலத்தோடு அதே தடிப்புள்ள கம்பியில் சுற்றுகளை இரட்டித்தால் கம்பியின் நீளம் இரட்டிக்கிறது, மின்தடை இரட்டிக்கிறது, மின்னோட்டம் பாதியாகிறது. பெருக்கம் ஏறத்தாழ முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது. இதில் கிடைக்கும் ஆதாயம் வேறு: அதே வலிமை பாதி மின்திறனில் கிடைக்கிறது, சூடு குறைகிறது, மின்கலம் நீடிக்கிறது. வலிமையே கூட வேண்டுமானால் தடித்த கம்பியையோ கூடுதல் வோல்ட்டையோ நாட வேண்டும். அப்போது சூட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2 டெஸ்லாவைச் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சற்றுக் கடந்ததும் இரும்பின் களங்கள் அனைத்தும் ஒரே திசையில் நின்றுவிடுகின்றன. அதற்குமேல் மின்னோட்டத்தைக் கூட்டினாலும் இரும்பு கூடுதலாக ஏதும் தருவதில்லை.

காற்றிடைவெளியின் விளைவையும் சோதித்துப் பாருங்கள். ஆணியின் தட்டையான தலையில் ஓர் இரும்புத் தகட்டை ஒட்டவிட்டு, பிடுங்கத் தேவைப்படும் விசையைக் கையால் உணர்ந்துகொள்ளுங்கள். பிறகு நடுவே ஒரு தாளை வைத்து மீண்டும் முயலுங்கள். தாளின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் அளவே. ஆனால் காந்தப் பாதைக்கு அந்தச் சிறு இடைவெளி பல சென்டிமீட்டர் நீள இரும்புக்குச் சமமான தடை. காந்தத்தால் பளு தூக்குகிறவர்கள் துருவையும் பெயிண்டையும் சுரண்டி நீக்கிய பிறகே வேலையைத் தொடங்குவதன் காரணம் இதுதான். இரு பரப்புகளும் நன்றாகப் பொருந்தி, இடையே 1 டெஸ்லா புலம் இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 4 கிலோகிராம் எடையைத் தாங்கும்.

இணைப்பைத் துண்டிக்கும்போது விரலில் சுருக்கென்று ஒன்று உணரப்படலாம். சுருளில் சேமிக்கப்பட்ட ஆற்றல் வெளியேறும் வழி அது. சிறிய சுருளில் அது தொல்லை மட்டுமே. ஆனால் ரிலே ஒன்றைத் திரான்சிஸ்டரால் இயக்குகிறவர் சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு இணைக்காவிட்டால், இந்த எழுச்சி திரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

மின்சாரம் நின்றால் என்ன நேர வேண்டும்?

வேலைக்கேற்ற காந்தத்தைத் தேர்வதற்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி இது. தீ விபத்தில் மக்கள் வெளியேற வேண்டிய கதவைப் பூட்ட மின்காந்தப் பூட்டைப் பொருத்துகிறார்கள். மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்ள வேண்டும் என்பதே அங்கு நோக்கம். தொழிற்சாலையில் தலைக்குமேல் எஃகுத் தகடு தொங்கும்போது நிலைமை நேர்மாறானது. மின்சாரம் நின்றவுடன் பளு விழுந்தால் உயிர் போகும். அதனால் தூக்கும் மின்காந்தங்களுக்கு மாற்று மின்கலன் வைக்கிறார்கள், அல்லது நிலைக்காந்தத்தையே உள்ளே வைத்து, நெம்புகோலைத் திருப்பினால் அதன் புலம் கருவிக்குள்ளேயே சுற்றி அடங்கும்படி அமைக்கிறார்கள். மின்தூக்கியின் பிரேக் இன்னொரு அழகான தீர்வு: சுருள்வில் எப்போதும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறது, மின்காந்தம் மின்சாரம் உள்ளவரை அதை விலக்கி வைத்திருக்கிறது, மின்சாரம் நின்றதும் வில் தன் வேலையைச் செய்கிறது. காந்தம் இங்கே பிடிப்பதற்காக வைக்கப்படவில்லை, விடுவதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

திசைகாட்டி முள், குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் பட்டை, பீரோக் கதவின் பிடிப்பு, மிதிவண்டி டைனமோ போன்றவற்றில் காந்தம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்க வேண்டும், அதற்காக மின்சாரம் செலவாகவும் கூடாது. நிலைக்காந்தமே அங்கு பொருந்தும். மின்மணி, ரிலே, கன்டாக்டர், துணி துவைக்கும் இயந்திரத்தின் நீர் வால்வு, மின்சுற்றில் திடீரென மிகையான மின்னோட்டம் பாயும்போது துண்டிக்கும் பிரேக்கர் ஆகியவை மின்காந்தத்தின் இடம். ரிலேக்களில் ஒரு நுட்பம் உண்டு. எவ்வளவு நல்ல மென்னிரும்பிலும் சிறிதளவு காந்தத்தன்மை எஞ்சும். அதனால் மின்னோட்டம் நின்ற பிறகும் அசையும் தகடு ஒட்டிக்கொண்டே நின்றுவிடலாம். அதைத் தடுக்க, காந்தத்தால் ஈர்க்கப்படாத பித்தளையில் ஒரு சிறு குமிழையோ மெல்லிய தகட்டையோ நடுவில் வைத்தார்கள் பழைய தொலைபேசி ரிலேக்களைச் செய்தவர்கள். மேலே தாளை வைத்துச் செய்த சோதனையில் குறையாகத் தெரிந்த இடைவெளி இங்கே மருந்தாகிறது.

மின்மாற்றியின் உள்ளகத்தில் இந்த மறதி உச்சத்தை எட்ட வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் அதன் துருவங்கள் நொடிக்கு 100 முறை மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் இரும்பு தயங்கினால் அந்தத் தயக்கம் வெப்பமாக வீணாகும். எஃகு ஆணிகளைக் கட்டி மின்மாற்றி செய்தால் அது அடுப்பாகிவிடும். எனவே 3 சதவீத அளவில் சிலிக்கான் கலந்த மென் எஃகை அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிப்புள்ள தகடுகளாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் காப்புப் பூச்சால் பிரித்து அடுக்குகிறார்கள்.

இரண்டு வகைகளும் கைகோத்து உழைக்கும் கருவிகளே எனக்கு மிகவும் பிடித்தவை. ஒலிபெருக்கியில் ஃபெரைட் வளையம் நிலையான புலத்தைத் தருகிறது, மென்னிரும்புத் தகடுகள் அதை ஒரு குறுகிய இடுக்குக்குள் குவிக்கின்றன, அந்த இடுக்கில் தொங்கும் சுருள் பாடலுக்கேற்ற மின்னோட்டத்தால் முன்னும் பின்னும் அசைந்து கூம்பை அதிரவைக்கிறது. வன்தட்டு இன்னும் நுட்பமானது. தரவு எழுதப்படும் வட்டின் பூச்சு எழுதியதை ஆண்டுக்கணக்கில் மறக்கக் கூடாது. எழுதும் தலையோ ஒரு பிட்டை எழுதியவுடன் அதை மறந்து அடுத்ததற்கு ஆயத்தமாக வேண்டும். ஒன்று வன்காந்தம், மற்றொன்று மென்காந்தம். ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு வந்தால் கருவி பயனற்றுப்போகும். அந்தத் தலையைத் தாங்கும் கரத்தை நகர்த்துவது நியோடிமியம் காந்தங்களுக்கிடையே அசையும் ஒரு சுருள்.

மிகப் பெரிய புலங்கள் தேவைப்படும்போது நிலைக்காந்தங்கள் பின்தங்கிவிடுகின்றன. மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகளில் வழக்கமாகக் காணப்படும் 1.5, 3 டெஸ்லா புலங்களைத் தருபவை திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட மின்தடையே இல்லாத மீக்கடத்துச் சுருள்கள். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் புரோட்டான்களை வளைக்கும் 1,232 இருமுனைக் காந்தங்கள் 8.33 டெஸ்லாவுக்காக வடிவமைக்கப்பட்டவை.

நிலைக்காந்தங்களுக்குள் தேர்வு

நிலைக்காந்தம்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், இன்று நடைமுறையில் நான்கு பொருள்களே எதிர்ப்படும். கருஞ்சாம்பல் நிற ஃபெரைட் மலிவானது, துருப்பிடிக்காது, ஏறத்தாழ 250 டிகிரி வரை தாங்கும், வலிமையில் நடுத்தரம். இடம் தாராளமாக இருந்தால் அதையே பரிந்துரைப்பேன். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ 500 டிகிரி அளவிலான வெப்பத்திலும் உழைக்கும். எஞ்சும் காந்தத்தன்மையும் அதிகம். ஆனால் அதன் காந்த நீக்குத்திறன் குறைவாக இருப்பதால் வேறொரு காந்தத்தோடு தவறான முறையில் மோதவிட்டாலே வலுவிழக்கும். சமேரியம்–கோபால்ட் வலிமை, வெப்பம் தாங்குதல் இரண்டிலும் சிறந்தது. விலை அதிகம், எளிதில் உடையும்.

நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாத்தோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கியது. வணிகத்தில் கிடைப்பவற்றுள் இதுவே மிக வலிமையானது. காற்றாலை, மின்வாகன மோட்டார், காதொலிக் கருவி எங்கும் இதைக் காணலாம். இதன் பலவீனம் வெப்பம். சாதாரண வகையை 80 டிகிரிக்குமேல் சூடேற்றினால் மீளாத இழப்பு தொடங்கலாம். அதனால் எஞ்சின் அருகிலோ வெந்நீரிலோ அதை வைக்கக் கூடாது. டிஸ்புரோசியம் போன்ற தனிமங்கள் சேர்த்த சிறப்பு வகைகள் 200 டிகிரி அளவுவரை தாங்கும். நிக்கல் பூச்சு உரிந்தால் உள்ளே துருவேறி உதிர்ந்துவிடும். அதில் துளையிடவோ அறுக்கவோ முயலாதீர்கள்: காந்தம் சிதறும், அதன் தூள் தீப்பற்றும்.

கையாள்வதும் வைத்துக்கொள்வதும்

பெரிய நியோடிமியம் காந்தங்கள் இரண்டை நேருக்கு நேர் நெருங்கவிட்டால் விரல் நசுங்கும். பிரிக்கும்போது இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்திப் பிரியுங்கள். சிறு உருண்டைக் காந்தங்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று பற்றி நடுவிலுள்ள சுவரைத் துளைத்துவிடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவர்களிடமிருந்து வலிமையான காந்தங்களைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருங்கள்.

எஃகு, அல்னிகோ சட்டக் காந்தங்களை இரண்டிரண்டாக, எதிரெதிர்த் துருவங்கள் அருகருகே வருமாறு, நடுவில் மரத்துண்டு வைத்து, இரு முனைகளிலும் தேனிரும்புக் காந்தக் காப்பான்களைப் பொருத்தி வைக்க வேண்டும். காப்பான் தானே ஒரு தற்காலிகக் காந்தமாகிப் புலத்துக்கு மூடிய பாதையைத் தருவதால் முனைகளின் வலிமை காக்கப்படுகிறது. லாடக் காந்தத்துக்கு ஒரு காப்பான் போதும். ஃபெரைட்டுக்கும் நியோடிமியத்துக்கும் இது தேவையில்லை. ஆனால் நியோடிமியத்தை அல்னிகோவோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

பல ஆண்டுகள் காப்பானின்றிக் கிடந்து வலுவிழந்த எஃகுச் சட்டக் காந்தம் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதைத் தூக்கியெறிய வேண்டாம். திசைகாட்டியால் அதன் துருவங்களை அறிந்துகொண்டு, நியோடிமியம் காந்தத்தின் தென்துருவத்தால் நடுவிலிருந்து வடமுனை நோக்கியும், பிறகு வடதுருவத்தால் நடுவிலிருந்து தென்முனை நோக்கியும், ஒவ்வொரு பக்கமும் இருபது முறை தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்புக்குப் பின்னும் காந்தத்தை உயரத் தூக்கிக் கொண்டுவாருங்கள். எத்தனை குண்டூசிகளைத் தூக்குகிறது என்று தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்துவிட்டு, அன்றே காப்பானைப் பொருத்திவிடுங்கள்.